ஏழாம் குமிழகத்தின் இரண்டு பொறுக்கிகள்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி ஆனால் பொன்னுரங்கம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்து, இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கிச்சுகிச்சுக்காகக் காத்திருப்பார். ஐம்பத்து மூன்று வயது ஆள், நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மூத்த கண்காணிப்பாளர், வீட்டுக்குள் இப்படிக் கிடக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. ஏழாம் குமிழகத்தில் அது அன்றாட நடப்பு.

செவ்வாயில் ஏது வெள்ளி என்று குதர்க்கம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் இதுதான்: கிரகம் எதுவாக இருந்தால் என்ன, மனிதனுக்குச் சனி ஞாயிறு விடுமுறை வேண்டும், விடுமுறை வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு வெள்ளி இருந்தே ஆக வேண்டும். அந்த வெள்ளி மாலையில் யாருக்கும் வேலை ஓடாது. யாராவது சிரிக்க ஏதாவது அனுப்ப மாட்டார்களா என்றிருக்கும். பூமியில் அந்தக் காலத்தில் ஆளாளுக்கு அனுப்பித் தள்ளினார்களாம். இங்கே அது நடக்காது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே உள்ள அலைவரிசை ஒடுங்கல். நீர்க்குழாய் வரைபடம், மருந்துக் குறிப்பு எல்லாம் வந்தது போக மிச்சத்தில் வாரத்துக்கு ஒன்பது வேடிக்கைகள் வரலாம், அவ்வளவுதான். இணையம் என்ற கடலிலிருந்து அந்த ஒன்பதைப் பொறுக்கி எடுக்க குமிழகம் என்கிற ஒவ்வொரு குமிழிக் குடியிருப்புக்கும் ஓர் ஆள் உண்டு. பதவியின் பெயர் பொறுக்குநர். நாக்கு சும்மா இருக்குமா? பொறுக்கி என்று ஆகிவிட்டது. பூமியில் அப்படிக் கூப்பிட்டால் கன்னம் பழுத்துவிடும். இங்கே பெற்றவர்கள், "என் பொண்ணு படிச்சு முடிச்சுப் பெரிய பொறுக்கியா வரணும்" என்று மனதார ஆசைப்பட்டார்கள்.

பொன்னுரங்கம் பதினோரு வருடமாகப் பொறுக்கி. வேலை முடிந்ததும் பூமியின் அட்டவணைகளை வரி வரியாக மேய்வார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு சுங்கச்சாவடியைத் தாண்டும் குரங்கு, தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் கைப்பேசியில் அலறிய ஒப்பாரிப் பாட்டு, செய்தி வாசித்துக்கொண்டே ஏழு முறை தும்மிய அம்மாள், பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து நாற்பது அடியாட்களைச் சாய்த்த கதாநாயகன் என்று ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை பார்த்து, மற்றதோடு ஒப்பிட்டு, எது முதலில் எது கடைசியில் என்று முடிவு செய்வார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி முன்னுரை எழுதுவார். அந்த இரண்டு வரிக்காக ஒரு மணி நேரம் அறைக்குள் நடப்பார். எல்லாம் சேர்ந்ததுதான் வெள்ளிப் பொட்டலம்.

பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் பதில் வரும். குமிழகத்தில் எல்லாருக்கும் காதுக்குப் பின்னால், எலும்பில் பதித்த அரிசியளவு செவித்துணை உண்டு. நீங்கள் அனுப்பியதைப் பார்த்து ஒருவர் சிரித்தால், அவருடைய செவித்துணை உங்களுடையதற்குச் சேதி சொல்லும். உங்களுக்குக் காதோரம் 'களுக்' என்று ஒரு கிச்சுகிச்சு. பொன்னுரங்கத்துக்கு வாராவாரம் நானூறு களுக்குகளுக்குமேல் சேர்ந்தாற்போல வரும். கட்டிலில் புரண்டு புரண்டு அனுபவிப்பார். அவர் மனைவி வேதவல்லி அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மீனலோசனி வரும்வரை.

மீனலோசனி காளான் கொட்டகையின் பொறுப்பாளர். நாற்பத்தைந்து வயது, தனி ஆள், நாலு வருடம் முன்பு பூமியிலிருந்து வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். போன வருடம் நிர்வாகம், ஜனம் பெருகிவிட்டது, இரண்டாவதாக ஒரு பொறுக்குநர் இருக்கட்டும் என்று அறிவித்தது. அந்த இடத்துக்கு இந்த அம்மாள் விண்ணப்பம் போட்டு வாங்கிவிட்டார். முதல் ஆறு மாதம் பொன்னுரங்கத்தைவிட நாலைந்து சிரிப்பு குறைவாகத்தான் அவருக்கு வந்தது. பொன்னுரங்கமும் பெருந்தன்மையாக, "பாவம், போகப் போகப் பழகிக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை அறிவிப்புத் திரையில் மீனலோசனிக்கு நானூற்றுப் பதினெட்டு, பொன்னுரங்கத்துக்கு நானூற்றுப் பதினைந்து என்று வந்தது. அடுத்த வாரமும் மூன்று குறைச்சல். அதற்கடுத்த வாரம் நாலு. ஏழு மாதமாக இதே கதை.

அந்த மூன்று பேர் யார்? பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. நானூற்றுப் பதினைந்து பேர் சிரித்தது அவருக்கு மறந்தே போனது. அந்த மூன்று பேரை நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. உணவுக்கூடத்தில் எதிரே உட்காருகிறவரை எல்லாம் இவனாக இருக்குமோ என்று பார்த்தார்.

"ஏங்க, மூணு பேர்தானே? விட்டுத் தொலைங்களேன்" என்றாள் வேதவல்லி.

"உனக்கென்னடி தெரியும்? மூணு பேர் என்னைப் பாத்துச் சிரிக்காம அந்தம்மாவைப் பாத்துச் சிரிச்சிருக்கான்."

"உங்களைப் பாத்து நாங்க எல்லாருமேதான் சிரிக்கிறோம். போதுமா? கைகழுவிட்டு வாங்க."

மறுநாள் உணவுக்கூடத்தில் குழாய்ப் பழுது பார்க்கும் தட்சிணாமூர்த்தி, மீனலோசனியை வழிமறித்து, "அம்மா, இந்த வாரம் உங்க பொட்டலம் இருக்கே, வயிறு வலிக்கச் சிரிச்சேன்" என்று சொல்வது பொன்னுரங்கத்தின் காதில் விழுந்தது. இதே வாயால்தான் பத்து நிமிடம் முன்பு, "அண்ணே, இந்த வாரம் பின்னிட்டீங்க" என்று அவரிடமும் சொல்லியிருந்தான்.

"எது ரொம்பப் பிடிச்சுது தட்சிணா?" என்று மீனலோசனி கேட்டார். கேட்ட குரலில் ஒரு தவிப்பு இருந்தது.

"அது எப்படிம்மா ஒண்ணை மட்டும் சொல்றது? எல்லாமேதான்!"

மீனலோசனி தலையாட்டிவிட்டு நகர்ந்தார். முகம் வாடியிருந்தது. பொன்னுரங்கத்துக்கு அது கர்வமாகத் தெரிந்தது. பாராட்டு கிடைத்தும் உம்மென்று போகிறாள் பார், எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டார். பொறாமைக்காரன் கண்ணுக்கு அழுகிற முகம்கூட இளிக்கிற மாதிரிதானே தெரியும்.

இதற்கிடையில் இடி ஒன்று விழுந்தது. புதிதாகக் கட்டும் மருத்துவமனைக்கு அலைவரிசை வேண்டும், வேடிக்கைக்கான பங்கைப் பாதியாக வெட்டுகிறோம், இனி ஒரு பொறுக்குநர் போதும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை யாருக்குச் சிரிப்பு அதிகமோ அவருக்கே பதவி. சனிக்கிழமை பொதுக்கூட்டத்தில் முடிவு அறிவிக்கப்படும்.

பொன்னுரங்கம் அந்த அறிவிப்பை மூன்று தடவை வாசித்தார். நீர் நிலையத்து வேலை போனால்கூடத் தாங்கிக்கொள்வார். பொறுக்கிப் பட்டம் போனால் அவர் யார்? வெறும் கழிவுநீர்க்காரர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் காதோரம் சத்தமே இல்லாமல் கட்டிலில் கிடப்பதை நினைத்துப் பார்த்தார்.

அந்த வாரம் அவர் உயிரைக் கொடுத்துப் பொறுக்கினார். வெள்ளிக்கிழமை வந்தது. நானூற்றுப் பதினாறு. மீனலோசனிக்கு நானூற்று இருபது.

பொன்னுரங்கம் எழுந்து உட்கார்ந்தார். மீனலோசனியின் பொட்டலத்தை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. அதை ஒரு கௌரவமாகவே வைத்திருந்தார். ஆனால் இப்போது கௌரவம் பார்க்கிற நேரமா? என்னிடமிருந்தே எதையாவது திருடிப் போட்டிருப்பாள், பிடித்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் முறையாக அதைத் திறந்தார்.

உள்ளே குரங்கும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. நாலே வரி இருந்தது.

'இதைத் திறந்து பார்த்தவருக்கு வணக்கம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் வீட்டில் தேநீர். அவசியம் வாருங்கள். உங்களுக்காகக் காத்திருப்பேன். மீனலோசனி, நாற்பதாம் எண் வீடு.'

அவர் போன வாரத்துப் பொட்டலத்தைத் திறந்தார். அதே நாலு வரி. அதற்கு முந்தைய வாரம், அதற்கும் முந்தையது... முப்பத்தொரு வாரமாக அந்தம்மாள் வேடிக்கை என்று ஒரு துரும்பைக்கூட அனுப்பவில்லை!

"அடிச்சேன்டி!" என்று பொன்னுரங்கம் போட்ட கூச்சலில் வேதவல்லி கரண்டியோடு ஓடி வந்தாள். ஒருத்தி முப்பது ஞாயிற்றுக்கிழமை தேநீர் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, ஏன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மோசடி அகப்பட்டுவிட்டது, பதவி தனக்கே என்ற சந்தோஷத்தில் ஒரு சுற்று ஆடினார்.

சனிக்கிழமை பொதுக்கூட்டம். குமிழகத்தின் நானூற்று முப்பத்திரண்டு பேரும் கூடியிருந்தார்கள். தலைவி மரியபுஷ்பம் முடிவை அறிவிக்க எழுந்தபோது பொன்னுரங்கம் கையைத் தூக்கினார். மேடையேறி, தொண்டையைச் செருமி, அந்த நாலு வரியையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"முப்பத்தொரு வாரம்! வெறும் பொட்டலம்! இதுக்கா நீங்க எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சீங்க?"

கூட்டம் பொங்கி எழும் என்று எதிர்பார்த்தார். தட்சிணாமூர்த்தி தன் செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் நாலைந்து பேருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மரியபுஷ்பம்தான் மென்று விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தார். "அது வந்து... அண்ணே, செவித்துணையில முகதாட்சண்யம்னு ஒரு விசை இருக்கில்ல?"

இருந்தது. நம்மவர்களுக்கென்றே செய்த செவித்துணை அல்லவா? ஒருவர் ஆசையாக அனுப்பியதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவர் மனம் நோகுமே என்று, தயாரித்தவர்கள் அந்த வசதியை வைத்திருந்தார்கள். பொட்டலம் வந்து மூன்று நிமிடத்துக்குள் நீங்கள் திறக்காவிட்டால், உங்கள் சார்பில் அதுவே ஒரு சிரிப்பை அனுப்பிவிடும். வாங்கும்போதே போட்டுத்தான் தருவார்கள். வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம். யாரும் அணைக்கவில்லை. நான் ஒருத்தன்தான் திறப்பதில்லை, மற்றவர்கள் எல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நானூறு பேரும் தனித்தனியாக நம்பிக்கொண்டு, குற்ற உணர்ச்சியில் உணவுக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பாராட்டினார்கள்.

"அப்படின்னா அந்தம்மாவுக்கு மட்டும் எப்படி ஜாஸ்தி?" என்றார் பொன்னுரங்கம். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை.

"அவங்க பொட்டலம் காலிதானே, சீக்கிரம் வந்து சேந்துடும். உங்களோடது கனம். வர்றதுக்குள்ள மூணு நாலு பேர் செவித்துணைல மின்சாரம் தீந்துடும்" என்றார் மரியபுஷ்பம்.

பதினைந்து நிமிடம் ஓடுகிற பொட்டலத்துக்கு மூன்றாவது நிமிடமே சிரிப்பு வந்து குவிகிறதே என்று இந்த மனிதர் பதினோரு வருடத்தில் ஒருநாளாவது யோசித்திருக்க வேண்டாமா? பாராட்டு வரும்போது யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்!

"இருக்கட்டும். யார் யார் நிஜமாத் திறந்தாங்கன்னு பதிவு இருக்குமே, அதை எடுங்க" என்றார் பொன்னுரங்கம். "அந்தம்மாவோடது, என்னோடது, ரெண்டையும் வாசிங்க. உண்மை தெரியட்டும்."

"வேண்டாம் அண்ணே" என்றார் மீனலோசனி. அன்றைய கூட்டத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"பயமா?" என்றார் பொன்னுரங்கம்.

மரியபுஷ்பம் வாசித்தார். மீனலோசனியின் பொட்டலங்களைத் திறந்தவர் ஒருவர். பொன்னுரங்கம், நேற்று மாலை. பொன்னுரங்கம் கூட்டத்தைப் பார்த்து வெற்றிப் புன்னகை பூத்தார். அடுத்து அவருடையது. முதல் ஏழு வருடம் திறந்தவர் யாருமில்லை. அதன்பின் நாலு வருடமாகத் திறந்தவர் ஒருவர். ஒரு வாரம்கூட விடாமல், சிலவற்றை இரண்டு மூன்று தடவை. பெயர், மீனலோசனி.

பொன்னுரங்கம் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் வேதவல்லியைத் தேடினார். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீகூடவாடி?"

"வீட்டுக்குள்ளயே நீங்க இருக்கீங்க. உங்களைத் தனியாப் பொட்டலத்துல வேற பிரிச்சுப் பாக்கணுமா?" என்றாள் அவள். அதில் நியாயம் இருந்ததால் அவரால் கோபப்பட முடியவில்லை.

மீனலோசனி மேடைக்கு அருகில் வந்தார். "முதல் அரை வருஷம் நிஜமாத்தான் அனுப்பினேன் அண்ணே. உங்களை மாதிரியே முன்னுரையெல்லாம் எழுதி. பதிவைப் பாத்தா ஒருத்தர்கூடத் திறக்கல. பொறுக்கிங்க பதிவைப் பாக்கலாமே, நீங்க பாத்ததில்லையா?"

பொன்னுரங்கம் பார்த்ததில்லை. சிரிப்புக் கணக்குக்குக் கீழே அவர் கண் போனதே இல்லை.

"உங்க சிரிப்பும் எனக்கு வந்துச்சு, ஒரு வாரம் தவறாம. அண்ணன் படிக்கிறாருன்னு முதல்ல ரொம்பப் பூரிச்சுப்போனேன். அப்புறம் பதிவுல பேரே இல்ல." மீனலோசனி இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தார். "அன்னைல இருந்து உங்க மேல எனக்கு ஒரே பொறாமை அண்ணே. வெள்ளிக்கிழமை ஆனா நெஞ்செல்லாம் எரியும்."

"எம்மேலயா? உனக்குத்தானேம்மா மூணு ஜாஸ்தி!"

"உங்களுக்கு நான் இருந்தேனே அண்ணே. எனக்கு யார் இருந்தா?"

மரியபுஷ்பம் அவசரமாகக் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார். விதிப்படி காலிப் பொட்டலம் அனுப்பியது தவறு, ஆகவே பதவி பொன்னுரங்கத்துக்கே என்று அறிவித்தார். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். இனிமேல் யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காக, திறந்தவர் பதிவை யாருமே பார்க்க முடியாதபடி நிரந்தரமாக மூடிவிடலாம் என்று தட்சிணாமூர்த்தி ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பொன்னுரங்கத்தின் கையும் பாதி உயர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குள் அவர் இரண்டு சட்டை மாற்றிவிட்டார். எந்த முகத்தோடு போவது என்று வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். "போய் ஒரு மன்னிப்பைக் கேட்டுட்டு வாங்க, தலை ஒண்ணும் இறங்கிடாது" என்று வேதவல்லி விரட்டியதும் கிளம்பினார். நாற்பதாம் எண் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஐந்தரை.

மீனலோசனி கதவைத் திறந்தார். அறை நிறைய நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. உணவுக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய கோப்பைகள் மேசை கொள்ளாமல் அடுக்கியிருந்தன. ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தேநீர், ஆடை கட்டிப்போயிருந்தது. ஒருவரும் இல்லை.

"நேத்து நீங்க எல்லார் முன்னாடியும் வாசிச்சீங்களே அண்ணே. விஷயம்தான் தெரிஞ்சுபோச்சே, வருவாங்கன்னு நினைச்சேன்" என்றார் மீனலோசனி. "அஞ்சு மணிக்குச் சேதிதான் வந்துச்சு."

சுவர்த் திரையில் வரிசையாகப் பெயர்களும் சேதிகளும் ஓடிக்கொண்டிருந்தன. 'தேநீர் அருமை.' 'ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல டீ.' 'உபசரிப்புக்கு நன்றி அக்கா.' அழைப்பு தெரிந்தும் வராதவர்கள் சார்பில் முகதாட்சண்ய விசை தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. மேலிருந்து ஆறாவது பெயர் பொன்னுரங்கம்.

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பு நாக்கில் வந்து நின்றது.

"உக்காருங்க அண்ணே. வந்தீங்களே, அதுவே போதும்." மீனலோசனியின் கண்கள் மின்னின. அவருக்கென்று புதிதாகப் பால் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பூமியிலிருந்து நாலு வருடம் முன்பு கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்த தேயிலையில் கடைசிக் கரண்டியை எடுத்துப் போட்டார். கோப்பையை இரண்டு கைகளாலும் நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தார்.

பொன்னுரங்கம் கோப்பையை வாங்கிக்கொண்டார். கண் திரையை விட்டு இறங்கவில்லை. பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டேயிருந்தன.

"மொத்தம் எத்தனை பேர்ம்மா?" என்று கேட்டார்.

"என்னைத் தவிர எல்லாரும். ஒருத்தர் பாக்கியில்ல."

சுருக்கென்றது அவருக்கு. ஒருவர் பாக்கியில்லாமல் ஊரே சேர்ந்து அவரை ஒருநாளும் பாராட்டியதில்லையே! அடுத்த வெள்ளிக்குப் பொட்டலத்தின் கனத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தால் என்ன என்று மனம் அது பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"எப்படி இருக்கு அண்ணே?" என்று மீனலோசனி ஆவலோடு கேட்டார்.

"பிரமாதம்மா! ரொம்பப் பிரமாதம்!"

மீனலோசனி அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க இன்னும் குடிக்கவே இல்லையே, அண்ணே."